தினமும் கில்ட் கட்டுவது வேஷமா, விசுவாசமா?

9 நவம்பர் 2024 (ஸ்காட்லாந்தில் அபர்டீனில் படிக்கும் ஒரு வாசகரின் கேள்வி)

இங்கே வந்து இரண்டு மாதம் ஆகிறது. எங்கள் தெருவில் ஒருவர் தினமும் கில்ட் (இந்த ஊர் ஆண்களின் கட்டம் போட்ட, கொசுவம் வைத்த கம்பளி இடுப்புடை) கட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுகிறார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் அதே கில்ட். கேட்டால் "என் முன்னோர், என் விசுவாசம்" என்கிறார். ஆனால் நான் படித்தவரை கில்ட்டைக் கண்டுபிடித்ததே ஒரு ஆங்கிலேயர். குலத்துக்கு ஒரு கட்டம் என்பதும் 19ஆம் நூற்றாண்டில் வியாபாரிகள் கட்டிவிட்ட கதை. அப்படியிருக்க இதில் என்ன பாரம்பரியம், என்ன பக்தி? சும்மா வேஷம்தானே?

9 நவம்பர், இரவு

தம்பி, நான் கிளாஸ்கோவில் 19 வருடமாகத் தையல் வேலை பார்க்கிறவன். பாதி நாள் கையில் கில்ட்தான் இருக்கும். வாடகைக்கு விடுகிறவர்கள் அனுப்புவது, கல்யாண வீட்டுக்காரர்கள் கொண்டுவருவது, அப்பா கட்டியதை மகனுக்குப் பிரித்துத் தைப்பது எல்லாம் வரும்.

வேஷம் எது என்பது துணி திரும்பி வரும்போது தெரிந்துவிடும். சனிக்கிழமை போன வாடகைக் கில்ட் திங்கட்கிழமை பீர் வாடையோடு வரும். பின்னால் கொசுவமெல்லாம் கன்னாபின்னாவென்று நசுங்கியிருக்கும். கட்டியவருக்கு அதில் உட்காரவே தெரிந்திருக்காது. தினமும் கட்டுகிறவரின் கில்ட் வேறு. பக்கிள் வாரில் ஒரு துளை மட்டும் நீண்டு போயிருக்கும். ஸ்போரன், அதாவது முன்னால் தொங்கும் அந்தத் தோல் பை, உரசி உரசி நடுவில் ஒரு கையகலத்துக்குக் கம்பளி மழுங்கியிருக்கும். இந்த மாதிரி மூன்று பேரின் துணி எனக்கு வருகிறது. மூன்று பேரையும் நான் முதலில் கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

ஆங்கிலேயர் விஷயம் பாதி சரி. நாளை எழுதுகிறேன். தூக்கம் வருகிறது.

10 நவம்பர்

நீங்கள் சொல்லும் ஆள் தாமஸ் ராவ்லின்சன். இங்கிலாந்தில் லங்காஷயர்க்காரர், குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். 1720களில் ஹைலண்ட்ஸில், அதாவது ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில், இன்வெர்கேரி பக்கம் இரும்பு உலை நடத்தினார். அந்தப் பக்கத்து ஆண்கள் உடுத்திக்கொண்டிருந்தது பெரிய கில்ட். நீளமான ஒரே போர்வை. கீழ்ப்பாதியைக் கொசுவி இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு மேல்பாதியைத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். மழைக்கு அதுவே முக்காடு, ராத்திரிக்கு அதுவே படுக்கை. இது 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இருந்தது, அதில் சண்டை இல்லை. உலையருகே வேலை செய்ய இந்தப் போர்வை இடைஞ்சலாக இருந்ததால், ராவ்லின்சன் மேல்பாதியை வெட்டிவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் கொசுவம் வைத்துத் தைக்கச் சொன்னார் என்பது கதை. ஆதாரம் 1768இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். அது அச்சில் வந்தது 1785இல். நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கும் கடிதத்துக்கும் நடுவே 40 வருடம். அவருக்கு முன்பே சின்னக் கில்ட் இருந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு.

சரி, அவரே வெட்டினார் என்று வைத்துக்கொள்வோம். தையல்காரன் கண்ணுக்கு அதில் கண்டுபிடிப்பு எதுவும் தெரியவில்லை, ஆல்டரேஷன்தான் தெரிகிறது. நீளமாக இருக்கிறது, குறைத்துக் கொடுங்கள் என்று என்னிடம் தினமும் ஆள் வருகிறது.

குலத்துக்கு ஒரு கட்டம் என்பதில் உங்கள் பக்கம்தான் நியாயம் அதிகம். 1822இல் ராஜா நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். வரவேற்பு ஏற்பாடு முழுக்க எழுத்தாளர் வால்டர் ஸ்காட் கையில். எல்லாரும் டார்டனில், அதாவது இந்தக் கட்டம் போட்ட துணியில், வரவேண்டும் என்றானதும், ஊர் முழுக்கத் தன் குலத்துக் கட்டம் எது என்று தேட ஆரம்பித்தது. ராஜாவும் கில்ட்தான், கீழே இளஞ்சிவப்பில் கால் முழுக்க ஒட்டிய உறை. பானக்பர்ன் ஊரில் டார்டன் நெய்த வில்சன் குடும்பத்தின் தறிகளுக்கு ஓய்வில்லை. அதுவரை நம்பர் போட்டு விற்ற சில கட்டங்களுக்குக் குலப்பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. போதாததற்கு 1842இல் இரண்டு சகோதரர்கள், பழைய சுவடியில் கண்டெடுத்தோம் என்று ஒரு போலிப் புத்தகமே போட்டார்கள். அதிலிருந்த கட்டங்கள் இன்றும் விற்கின்றன. நானே தைத்திருக்கிறேன்.

10 நவம்பர், சற்றுப் பிறகு

"கட்டுவது" என்று நானும் எழுதிக்கொண்டே போகிறேன். கில்ட்டைக் கட்டுவதில்லை, சுற்றிப் பக்கிள் போடுவதுதான். வேட்டிக்கார வாய், விடமாட்டேன் என்கிறது.

13 நவம்பர்

அந்த மூன்று பேரில் ஒருவரைப் பற்றிச் சொன்னால்தான் உங்கள் கேள்விக்குப் பதில் சொன்னதாக இருக்கும். பெயர் வேண்டாம், பெரியவர் என்றே வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற தபால்காரர், 74 வயது. பிறந்தது மேற்குக் கடலோரம் சவுத் யூயிஸ்ட் தீவு. ஸ்காட்லாந்து என்றாலே பிரெஸ்பிட்டீரியன் என்ற புராட்டஸ்டன்ட் சபை என்று நினைப்போம், அந்தத் தீவு பெரும்பாலும் கத்தோலிக்கம். வீட்டுப்பேச்சு கேலிக். இப்போது இருப்பது கிளாஸ்கோவில் பார்டிக் பகுதியில். அவர் கில்ட் கிளான்ரானல்ட் மெக்டொனால்ட் கட்டம், பச்சையும் நீலமுமாக, நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும்.

முதல் முறை கடைக்கு வந்தபோது வார் மாற்றவேண்டும் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை, வெளியே நல்ல மழை. "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டேன். "மீன் வாங்கப் போகிறேன்" என்றார்.

ஸ்போரனைத் திறந்து காசு எடுத்தபோது உள்ளே எட்டிப் பார்த்தேன். பஸ் பாஸ், ஜெபமாலை, காது மிஷினுக்கு பேட்டரி, பெப்பர்மின்ட் இரண்டு. கில்ட்டில் பாக்கெட் கிடையாது, எல்லாம் அந்தப் பைக்குள்தான்.

ஏன் தினமும் என்று கேட்டதற்கு அவர் சொன்னது: "ஞாயிற்றுக்கிழமை ஆண்டவர் முன்னால் நிற்க ஆகிற துணி, திங்கட்கிழமை பஸ்ஸுக்கு ஆகாதா?" அதோடு அந்தத் தடைக் கதையும். 1746இல் சட்டம் போட்டு ஸ்காட்லாந்தில் ஒருவரும் கில்ட் உடுத்தக்கூடாது என்றார்கள். முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழு வருடம் நாடுகடத்தல். 1782 வரை, 36 வருடம். "உடுத்தாதே என்று ஒருவன் சொன்னான் அல்லவா, அதனால் உடுத்துகிறேன்" என்றார்.

எனக்கு அந்த இரண்டாவது காரணம்தான் பிடித்தது. முதலாவது, பலமுறை சொல்லிப் பழகிய வசனம் போல இருந்தது.

15 நவம்பர்

திருத்தம். "ஒருவரும்" என்று எழுதியது தவறு. சட்டம் ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும்தான், பெண்களுக்கு இல்லை. படைவீரர்களுக்கும் விலக்கு. அதாவது ராஜாவுக்காகச் சண்டை போட்டால் கில்ட் உடுத்தலாம், மாடு மேய்த்தால் கூடாது. பெரியவரிடம் சொன்னேன். "தபால்காரனும் ராணியின் ஆள்தான், எனக்கும் விலக்கு இருந்திருக்கும்" என்று சிரித்தார்.

16 நவம்பர்

கில்ட்டுக்கு உள்ளே என்ன போடுவது என்று வாசகர்கள் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வாடகைக் கில்ட் என்றால் தயவுசெய்து ஜட்டி போடுங்கள். உங்களுக்கு முன்னால் அதை உடுத்தியவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். சொந்தக் கில்ட் என்றால் உங்கள் பாடு.

17 நவம்பர்

துணியைப் பற்றிக் கேட்டவருக்கு. இதை எழுத எனக்கு ஆசையும் கூட.

நல்ல கில்ட்டுக்கு 8 கஜம். மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைவு. கடையில் வாங்குவது இரட்டை அகலத்தில் 4 கஜம். அதை நீளவாக்கில் இரண்டாக்கி ஒட்டினால் 8. கனமான ரகம் இரட்டை அகலத்தில் கஜத்துக்கு 16 அவுன்ஸ், ஆகமொத்தம் 1.8 கிலோ இடுப்பில். அதனால்தான் காற்றுக்கு அவ்வளவு சுலபத்தில் பறப்பதில்லை. பறப்பதெல்லாம் எடின்பரோவில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் மெல்லிய செயற்கை நூல் சமாச்சாரம்.

முன்பக்கம் இரண்டு பலகை மாதிரி தட்டையாக ஒன்றன்மேல் ஒன்று. மடிப்பு முழுக்கப் பின்னால், 25லிருந்து 30 வரை வரும். இங்கேதான் வேலை. துணியில் ஒரு கட்டம் முடிய ஆறு ஏழு அங்குலம் ஆகும். அவ்வளவையும் உள்ளே மடித்து, வெளியே ஒரு அங்குலம் போல மட்டும் தெரியவிட்டு, அடுத்த கொசுவத்தில் கட்டத்தின் அடுத்த துண்டு வந்து நிற்கும்படி வைக்கவேண்டும். அவ்வளவு துணியையும் கொசுவமாகச் சுருக்கிய பிறகும் பின்னால் பார்த்தால் கட்டம் உடையாமல் முழுசாகத் தெரியவேண்டும். ஒரு நூல் தள்ளினாலும் பத்தாவது கொசுவத்தில் கோடு கோணிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். பட்டாளத்துக் கில்ட்டில் வேறு மாதிரி: ஒரே கோடு ஒவ்வொரு கொசுவத்திலும் திரும்பத் திரும்ப வரும். நடக்கும்போது உள்ளே ஒளிந்திருக்கிற நிறம் விசிறி மாதிரி வந்து வந்து போகும்.

இடுப்பிலிருந்து புட்டம் வரைக்கும்தான் கொசுவத்தைத் தைப்போம். அதற்குக் கீழே சும்மா இஸ்திரி போட்ட மடிப்புதான். அடி ஓரத்தை மடித்துத் தைப்பதில்லை, நெசவுக் கரையே அடி ஓரம். மதுரை புது மண்டபத்தில், தூணுக்குத் தூண் மிஷின் போட்டிருந்த காலத்தில், மாமாவிடம் வேலை பழகியவன் நான். ஓரம் மடிக்காமல் துணியைக் கொடுத்தால் மாமா ஸ்கேலை எடுத்துவிடுவார். இங்கே முதல் கில்ட்டில் அடி ஓரத்தை நான் அழகாக எம்மிங் செய்து கொடுத்தேன். முதலாளி ஒன்றும் பேசாமல் பிரித்துக் கொண்டிருந்தார், இரண்டு மணி நேரம்.

22 நவம்பர்

இப்போது பக்தி. "மதத்துக்கும் கில்ட்டுக்கும் என்ன சம்பந்தம்" என்று தம்பி விடாமல் கேட்கிறார்.

டார்டனை சர்ச்சுக்குக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கும் ஆராதனை ஒன்று உண்டு, "கிர்க்கிங் ஆஃப் த டார்டன்" என்பார்கள். தடைக்காலத்தில் மக்கள் டார்டன் துண்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு போய், போதகர் ஆசி கூறும் நேரத்தில் ரகசியமாகத் தொட்டுக்கொள்வார்கள், அதிலிருந்து வந்தது என்று கதை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆராதனை பிறந்தது அமெரிக்காவில். ஸ்காட்லாந்தில் பிறந்து வாஷிங்டனில் போதகராக இருந்த பீட்டர் மார்ஷல் 1940களின் தொடக்கத்தில், போர்க்கால நிதி திரட்டும் முயற்சியோடு சேர்த்து ஆரம்பித்து வைத்தது. ஆக, தம்பி, இதிலும் உங்களுக்கு ஒரு பாயிண்ட்.

பெரியவர் கதைக்கு வருகிறேன். 2010 செப்டம்பர் 16, புனித நினியன் திருநாள். பாப்பரசர் 16ஆம் பெனடிக்ட் எடின்பரோவில் இறங்கினார். அந்த வருகைக்கென்றே புனித நினியன் நாள் டார்டன் என்று ஒன்று நெய்தார்கள், வடிவமைத்தவர் அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த மேத்யூ நியூசம். வெள்ளையும் நீலமும் ஸ்காட்லாந்துக் கொடிக்கு. பாப்பரசர் அதே துணியில் ஒரு சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போனார். சாயங்காலம் கிளாஸ்கோவில் பெல்லஹூஸ்டன் பூங்காவில் திருப்பலி. பெரியவர் அங்கே இருந்தார், அப்போது இன்னும் வேலையில். அதுவரை அவருக்குக் கில்ட் என்றால் கல்யாணம், சாவு, புத்தாண்டு. "பாப்பரசர் தோளில் கட்டத்தைப் பார்த்ததும், இது எங்கள் தீவுத் துணி, அவர் வரைக்கும் போயிருக்கிறதே என்று தோன்றியது" என்றார். ஆறு வாரத்துக்கு முன்பு நெய்த புதுக் கட்டமாக இருந்தாலும் அவருக்கு அது ஒரு பொருட்டில்லை. நான் குறுக்கே பேசவில்லை. ("ஆறு வாரம்" என் கற்பனை. அவ்வளவு புதுசு என்று சொல்லவந்தேன்.)

24 நவம்பர்

பைபிளில் உபாகமம் 22ஆம் அதிகாரத்தை ஒரு வாசகர் வீசியிருக்கிறார். ஆண் பெண்ணுடை தரிக்கலாகாது, 5ஆம் வசனம். பாவாடை மாதிரி இருந்தால் பாவாடையா? பாதிரியார் அங்கி?

அதே அதிகாரம் 11ஆம் வசனம்தான் எனக்கு நிஜமாகவே வேலை வைத்தது. கம்பளியும் லினனும் ஒரே உடையில் கலக்கக்கூடாது. யூதர்களில் பலர் இதை இன்றும் அப்படியே கடைப்பிடிக்கிறார்கள். 2008இல் கிளாஸ்கோ ரபி மெண்டல் ஜேக்கப்ஸ் முயற்சியில் யூதர்களுக்கென்று ஒரு டார்டன் பதிவானது. துணி சுத்தக் கம்பளி. என்னிடம் வந்த ஒரு வாடிக்கையாளர் துணியைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. "உள்ளே வைக்கிற கேன்வாஸில் என்ன நூல்?" என்றார். அந்த நாள் வரைக்கும் நான் யோசித்ததே இல்லை. இடுப்பு விறைப்புக்காக உள்ளே ஒரு முரட்டுத் துணி வைப்போம், சிலதில் லினன் இருக்கும். பண்டிலைப் பிரித்து, நூலை எரித்துப் பார்த்து, நம்பிக்கை வராமல், கடைசியில் பருத்தி கேன்வாஸ் புதிதாக வரவழைத்தேன். வெளியே ஒருவர் கண்ணுக்கும் தெரியாத இடம். வேஷம் என்றால் அங்கே எவன் பார்க்கப் போகிறான்?

24 நவம்பர், இரவு

கத்தி பற்றியும் கேட்டீர்கள். காலுறை மேல்மடிப்பில் செருகும் சின்னக் கத்தி, பெயர் ஸ்கீன் டூ. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம். ஆனால் 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் 49ஆம் பிரிவு மூன்று காரணங்களை ஒப்புக்கொள்கிறது: வேலைக்கு, மத காரணத்துக்கு, தேசிய உடையின் பகுதியாக. சீக்கியரின் கிர்பான் கத்தியும் ஸ்காட்லாந்துக்காரரின் ஸ்கீன் டூவும் அடுத்தடுத்த வரியில். விமானத்துக்கு இது செல்லாது, பெட்டியில் போட்டு அனுப்புங்கள். பெரியவர் கத்தி வைப்பதில்லை. மீன்கடைக்காரர் நறுக்கியே தருகிறாராம்.

1 டிசம்பர்

நேற்று புனித ஆண்ட்ரூ நாள். பெரியவர் வந்தார், நான் இங்கே எழுதியதில் கொஞ்சத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். பாப்பரசர் இடம் வந்ததும் காதைச் சொறிந்துகொண்டார். அப்புறம் மெதுவாக, "அது முழுக் கதை இல்லை" என்றார்.

பூங்காவுக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் உடுத்தியிருக்கிறார். தினமும் ஆனது ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு. தையல் போட்ட இடத்தில் பேண்ட் உரசி எரிச்சல். கில்ட் தொப்புள் உயரத்தில் நிற்பது, அடிவயிற்றுக்குக் கீழே எதுவும் இறுக்காது. டாக்டர் ஆறு வாரம் தளர்வாக உடுத்தச் சொன்னார், இவர் ஏழாவது வாரம் பேண்ட்டைத் தேடவில்லை.

எனக்கு முதலில் கோபம் வந்தது, மூன்று வாரமாக நான் பக்தி பக்தி என்று எழுதிக்கொண்டிருக்கிறேனே என்று. அப்புறம், "அப்போ முன்னோர், விசுவாசம் எல்லாம்?" என்றேன். "பஸ்ஸில் எல்லாரும் ஏன் ஏன் என்று கேட்டார்கள். ஹெர்னியா என்று எப்படிச் சொல்வது? சொல்லச் சொல்ல நானே யோசிக்க ஆரம்பித்தேன்" என்றார். தாத்தா உடுத்திய போட்டோவைத் தேடியெடுத்தது, விட்டுப்போன கேலிக் ஜெபங்களைத் திரும்பப் படித்தது எல்லாம் அதற்குப் பிறகுதானாம்.

13ஆம் தேதி "பழகிய வசனம்" என்று எழுதியிருந்தேன். பழகிய வசனம்தான். அதைச் சொல்லிச் சொல்லியே மனுஷன் அதற்குள் குடிபோயிருக்கிறார்.

3 டிசம்பர்

இது சிரிக்கிற விஷயம் இல்லை. தினமும் உடுத்தும் மூன்று பேருமே சொன்னது: குடித்த கூட்டம் பின்னாலிருந்து கில்ட்டைத் தூக்கிப் பார்க்கிறது. பெரியவருக்கு 71 வயதில் நகர நடுவில், வெள்ளி இரவு, கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டம் என்று வந்த ஒரு பெண்கள் கூட்டம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் ஒரு வாரம் வெளியே போகவில்லை. புடவையை யாராவது இப்படி இழுத்தால் என்ன சொல்வோம்? 16ஆம் தேதி நான் போட்ட ஜோக்கும் அந்தக் கூட்டத்துச் சிரிப்பில்தான் போய்ச் சேருகிறது. அழிக்கவில்லை, இருக்கட்டும்.

8 டிசம்பர்

பராமரிப்புக் கேள்விக்கு: தண்ணீரில் நனைத்துத் துவைக்காதீர்கள். பிரஷ் போட்டுக் காற்றில் தொங்கவிடுங்கள். நனைந்த கில்ட்டின் அடி ஓரம் முழங்கால் பின்புறத்தை அறுக்கும், வீட்டுக்கு வந்ததும் வாசலின். பின் குத்துவது மேல் பலகைக்கு மட்டும், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுத்துக் கிழியும். இந்தக் கிழிசலில் எனக்கு மாதம் நாலு வருகிறது, நான் குறை சொல்லக்கூடாது.

26 ஜனவரி 2025

நேற்று பர்ன்ஸ் இரவு, அதாவது ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாள் விருந்து. கடையில் மிச்சமான பிளாக் வாட்ச் துணியில் எனக்கே ஒன்று தைத்திருந்தேன், இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக. குலம் கோத்திரம் பார்க்காமல் யாரும் உடுத்தும் கட்டம் அது. மற்றதையும் உடுத்தலாம், சட்டத்தில் தடை கிடையாது. ஆனால் மெக்டொனால்டை நான் உடுத்தினால் பெரியவர் முகத்தில் எப்படி முழிப்பது? வீட்டில், "மதுரைக்காரருக்கு எதுக்கு இந்த வேலை" என்றாள். என்னிடமும் பதில் இல்லை. 19 வருடம் மற்றவர்கள் இடுப்பை அளந்தாயிற்று, ஒருமுறை நம் இடுப்புக்கும்.

சாப்பாட்டுக்குப் பெரியவர் வீடு. போனேன், நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு, "எழுந்திரு" என்றார். புறங்கையால் பின்கொசுவத்தை மேலிருந்து கீழே தடவி, சேர்த்துப் பிடித்து, அப்புறம் உட்காரவேண்டும். பாவாடை கட்டிய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் செய்வார்களே, அதேதான். எத்தனை வாடிக்கையாளர்களுக்கு இதை வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலை எடுத்துப் பார்த்தால் பின்னால் நாலு கொசுவம் நசுங்கிக் கிடக்கிறது. ஓட்டுத்தையல் போட்டு ஆவி பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

தம்பி, உங்கள் தெருக்காரரிடம் அப்புறம் பேசினீர்களா? போட்டோ எடுக்கவேண்டாம். பின்பக்கம் கோட்டுக்கு மடித்திருக்கிறதா, கட்டத்துக்கா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.